சுருக்கமாகச் சொன்ன சேதி

“அறுந்ததை அறுந்துபோச்சுன்னு சொல்லாம வேற எப்படி மாமா சொல்றது?”

தீபா இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஒன்பது வயது நிறையவில்லை. கேட்டது நியாயமான கேள்வி. கேட்ட நேரம்தான் சரியில்லை. கல்யாணப் புடவை நெய்யச் சொன்னவர்கள் முகம் சுண்டி எழுந்து போய்விட்டிருந்தார்கள். அவர்கள் வாய் வைக்காத காபி கூடத்தில் ஆறிக்கொண்டிருந்தது. “வாயை மூடுடி” என்றான் அவள் மாமன் மாணிக்கவேல். அது பதில் இல்லை என்று அவனுக்கே தெரியும். ஆனாலும் அதைத்தான் சொன்னான்.

தீபா, மாணிக்கவேலின் தங்கை சுபலட்சுமியின் மகள். அவர்கள் கலசப்பாக்கத்தில் இருந்தார்கள். தீபாவின் அப்பா தவறிய பிறகு சுபலட்சுமிக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே தங்கும் விடுதியில் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. “எங்க வூட்ல இருக்கட்டும்மா, ஹேமநாத்தோட சேர்ந்து பள்ளிக்கூடம் போகட்டும்” என்று ஆரணியிலிருந்து மாணிக்கவேல் தானாகவே வந்து சொல்லி அழைத்துப்போனான். அப்படிப்பட்ட மனிதன். காலையில் குளித்து, திருநீறு பூசி, தறியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் தறிக்குழியில் கால் வைப்பான். பசித்து வந்தவரை அவன் வாசலிலிருந்து திருப்பியனுப்பியதில்லை. அவனிடம் இருந்த குறை ஒன்றுதான். யார் பேசினாலும் முழுக்கக் கேட்கமாட்டான்.

பட்டுத்தறியில் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தச் சத்தத்தில் பாதிப் பேச்சுதான் காதில் விழும். மீதியை அவனே நிரப்பிக்கொள்வான். தறியைவிட்டு இறங்கிய பிறகும் அந்தப் பழக்கம் அவனை விடவில்லை. அவன் மனைவி பாஞ்சாலை சிரித்துக்கொண்டே சொல்வாள்: “உங்க காதுக்கு ஒரே கதவுதாங்க. மொதல்ல வர்றவங்க உள்ள பூந்து தாப்பா போட்டுக்கறாங்க. அடுத்தவங்க வெளிய நின்னு தட்டிகினே இருக்க வேண்டியதுதான்.”

முதலில் உள்ளே புகுந்துகொள்பவன் எப்போதும் மகன் ஹேமநாத். தீபாவைவிடப் பெரியவன், எதையும் ஒரே வரியில் முடித்துவிடுவான். “அப்பா, தீபா பாலைக் கொட்டிட்டா.” அவ்வளவுதான், தீர்ப்பு வந்துவிடும். தீபாவின் வழி வேறு. பால் கொட்டிய கதை விடியற்காலையிலிருந்து தொடங்கும். “காத்தால எழுந்தேனா மாமா, பல்லு வெளக்கினேனா, அப்புறம் பூனை ஒண்ணு வந்துச்சா…” பூனை வருவதற்குள் மாமன் நாடாவைக் கையில் எடுத்து நெய்யத் தொடங்கியிருப்பான். “சுருக்கா சொல்லு கண்ணு, சுருக்கா. ஒரு வார்த்தையில சொல்லக் கத்துக்கோ.”

அன்றைக்கு அவள் அப்படித்தான் சொன்னாள்.

சந்தவாசலிலிருந்து ரங்கம்மாளும் அவள் கணவர் ராமதாஸும் வந்திருந்தார்கள். ஆவணியில் அவர்கள் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவை மாணிக்கவேலின் தறியில் பாதிக்கு மேல் வளர்ந்திருந்தது. அரக்கு நிறம், பச்சைக் கரை. தறியில் இருக்கும்போதே ஒரு தரம் கண்ணால் பார்த்து, குங்குமம் வைத்துவிட்டுப் போகலாம் என்று ஆசையாக வந்தவர்கள். பாஞ்சாலை காபி கொடுத்தாள். மாணிக்கவேல் சரிகையைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தான்.

தறி அறையிலிருந்து தீபா ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது.

“மாமா, காத்தால நான் எழுந்தேனா…”

“வந்தவங்ககிட்ட பேசிகினு கீறேன் இல்ல? சுருக்கா சொல்லு.”

தீபா தன்னால் முடிந்த அளவு சுருக்கினாள்.

“கல்யாணப் புடவை அறுந்துபோச்சு மாமா.”

நெசவு வீடுகளில் முகூர்த்தப் புடவை தறியில் ஏறிவிட்டால் சில சொற்கள் வாசலுக்கு வெளியே போய்விடும். இழை அறுவது தறியில் தினமும் நடப்பதுதான். ஆனால் அப்படிச் சொல்லமாட்டார்கள். தாலிச் சரடு இற்றுப்போனால் பெண்கள் ‘பெருகிடுச்சு’ என்று சொல்வது போல, ‘இழை பெருகிடுச்சு’ என்பார்கள். ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி ஏறும் நேரத்தில் அவள் உடம்பில் இருக்கப்போகிற துணி அது. அதன் மேல் நல்ல சொல் மட்டுமே விழவேண்டும் என்பது பயம் என்றுகூடச் சொல்ல முடியாது. முகம் தெரியாத ஒரு பெண்ணுக்குச் செய்கிற மரியாதை. ஹேமநாத் இதைக் கேட்டே வளர்ந்தவன். தீபாவின் அப்பா டிராக்டர் ஓட்டியவர். அவர்கள் வீட்டில் பெல்ட் அறுந்தால் அறுந்தது என்றுதான் சொன்னார்கள். அவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டும் என்று இங்கே யாருக்கும் தோன்றவில்லை.

ரங்கம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். குங்குமச் சிமிழ் இருந்த பையை மடியோடு சேர்த்துக்கொண்டாள்.

“இன்னாங்க இது? குங்குமம் வெக்க வந்த எடத்துல இப்பிடி ஒரு வார்த்தையா?”

“அம்மா, சின்னப் பொண்ணு, தெரியாம…” என்று இழுத்தான் மாணிக்கவேல்.

“வாயிலருந்து வந்திடுச்சே. இனிமே அதை எப்படி எம்பொண்ணுக்குக் கட்டுவேன்? வாங்க, போலாம்” என்று கணவரை எழுப்பிவிட்டாள். ராமதாஸ் வாசல்வரை போய்த் திரும்பி, “நாங்க யோசிச்சி போன் பண்றோம்” என்றார். அது எப்படிப்பட்ட போனாக இருக்கும் என்று மாணிக்கவேலுக்குத் தெரியும்.

அவன் தறி அறைக்குப் போய்ப் பார்த்தான். கரையை ஒட்டி, பாவின் நெடுக்கு இழைகள் ஒரு கை அகலத்துக்கு அறுந்து தொங்கின.

“யாருடா இப்பிடிப் பண்ணது?”

“தீபாதான்பா” என்றான் ஹேமநாத்.

காதின் கதவு திறந்தது, தாழ்ப்பாளும் விழுந்தது. “ஏண்டி, தறிகிட்ட உனக்கு இன்னா வேலை? வெளையாடறதுக்கு வேற எடம் கெடைக்கலியா? இழையை அறுத்ததும் இல்லாம வாயால வேற சொல்றியா?” என்று கத்தினான். அப்போதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். எதிர்த்துப் பேசுவதாக அவன் நினைத்தான். உண்மையில் அவள் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

சூடு ஆறுவதற்குள் தங்கைக்கு போன் போட்டான். “வர்ற ஞாயித்துக்கெழம வந்து பாப்பாவை கூட்டிகினு போம்மா. ஏதாவது ஆஸ்டல்ல சேத்துடு. தறி ஓடற வூட்ல வெச்சிக்க முடியல.”

“சரிண்ணா” என்று மட்டும் சுபலட்சுமி சொன்னாள். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டால் அண்ணன் பாதியிலேயே நிறுத்திவிடுவான் என்பது அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

சந்தவாசலிலிருந்து போன் வந்தது. வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறார்களாம். மாணிக்கவேல் தறியின் மேல் ஒரு வேட்டியைப் போட்டு மூடினான். அதன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து தீபா மாமனிடம் பேசவில்லை. கோபம் இல்லை. தட்டு வைத்தால் சாப்பிட்டாள், கூப்பிட்டால் வந்தாள். ஆனால் வாயைத் திறக்கும் முன் ஒவ்வொரு சொல்லையும் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். சமையலறையில் பாஞ்சாலையிடம் மெதுவாகக் கேட்பாள்: “அத்தை, பென்சில் ஒடைஞ்சிதுன்னு சொல்லலாமா?”

“சொல்லுடி கண்ணு. பென்சிலுக்கு இன்னா கல்யாணமா?”

“எண்ணெ தீந்துபோச்சுன்னு?”

பாஞ்சாலைக்குச் சிரிப்பு வந்தது. உடனே கண்ணும் கலங்கியது.

ஒரு காலை மாணிக்கவேல் கடைத்தெருவுக்குப் போய்விட்டுத் திரும்பினான். மாடித் தொட்டி நிரம்பி, தண்ணீர் சுவரில் வழிந்து வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. தீபா அதன் கீழேயே, பாவாடை நனைய, அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். சுவிட்ச் அவளுக்கு எட்டாது.

“ஏய், அத்தை உள்ளதானே கீறா! ஒரு கொரல் குடுக்கக் கூடாதா?”

அவள் பயந்து ஒதுங்கினாள். பிறகு சொன்னாள்:

“கல்யாணப் புடவை உள்ள கீதே மாமா. ‘வழியுது’ன்னு சொல்லலாமான்னு தெரியல.”

மாணிக்கவேல் மோட்டாரை நிறுத்தினான். சுவரிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு பிள்ளையைத் தன் வீட்டில் இருக்கட்டும் என்று கூட்டிவந்து, வாய் திறக்கவே பயப்படும்படி செய்திருக்கிறோமே என்று அவனுக்கு உறைத்தது. வீட்டில் தீப்பிடித்தாலும் இவள் இப்படித்தான் நிற்பாள். தெய்வம் சிலசமயம் நம்மை உரக்கத் திட்டுவதில்லை; தண்ணீரைக் கொஞ்சம் வழியவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறது.

நேரே தறி அறைக்குப் போய் வேட்டியை விலக்கினான். கோபத்தில் பார்த்ததை முதல் முறையாக நிதானமாகப் பார்த்தான். தொங்கிய நுனிகளை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். கத்தரியால் வெட்டியிருந்தால் நுனி நேராக இருக்கும். கையால் இழுத்திருந்தால் நீண்டு மெலிந்திருக்கும். இவை சவைத்த மாதிரி பிசிறிக்கொண்டிருந்தன. குழியில் இறங்கிக் குனிந்தான். மூலையில் பட்டுப்பஞ்சு உருண்டை, எலிப்புழுக்கை. பக்கத்தில் ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே பாதி தின்ற கடலை உருண்டை.

தறி அறையில் தின்பண்டம் கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம். அந்தப் பொட்டலம் யாருடையது என்று தெரிய அவனுக்கு நேரம் ஆகவில்லை. கடலை உருண்டைக்கு அந்த வீட்டில் உயிரை விடுபவன் ஒருவன்தான்.

“டேய் ஹேமநாத்!”

அந்தக் குரலில் பாஞ்சாலையும் ஓடிவந்தாள். பொட்டலத்தைப் பார்த்ததுமே ஹேமநாத்தின் முகம் வெளுத்தது. மாணிக்கவேலின் கை மேலே போய்விட்டது. “நீ தின்னுட்டுப் போட்டதுக்கு அந்தப் பொண்ணு மேல…”

“மாமா.”

கதவருகில் தீபா நின்றிருந்தாள். சொல்லலாமா என்று யோசித்தவள், சொல்லிவிட்டாள்.

“அவன் இன்னும் சொல்லவே இல்லியே மாமா.”

தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. மாணிக்கவேல் மகனைப் பார்த்தான், மருமகளைப் பார்த்தான். பிறகு தறிக்குழியின் விளிம்பில், அவர்கள் உயரத்துக்கு, உட்கார்ந்தான்.

“சரி. யாரும் சுருக்கா சொல்ல வேணாம். தீபா, நீ சொல்லு. காத்தால எழுந்தியே, அங்கருந்து.”

அவள் நம்பாமல் அத்தையைப் பார்த்தாள். பாஞ்சாலை தலையசைத்தாள்.

“காத்தால எழுந்தேனா…” என்று தொடங்கினாள். பல் விளக்கினாள், கோலம் பார்த்தாள், இட்லி சாப்பிட்டாள். மாணிக்கவேலின் விரல்கள் தொடையில் தாளம் போட்டன. அவன் அவற்றை மடக்கிக்கொண்டான். அப்புறம் தறி அறையில் கிறீச்சென்று சத்தம் கேட்டதாம். எட்டிப் பார்த்தால் எலி. கை தட்டினாளாம், போகவில்லையாம். துடைப்பத்தைத் தரையில் அடித்தாளாம், பாவின் மேலேயே ஏறி ஓடியதாம். “எனக்கு எலின்னா ரொம்ப பயம் மாமா. ஆனா அது மறுபடியும் கடிச்சிடுமேன்னு அங்கியே நின்னுகினேன். நான் ஓடிவந்தா அது வந்துடும். ஓடிவரலைன்னா உங்களுக்குத் தெரியாது. அதான் ரொம்ப நேரம் நின்னுட்டு ஒரே ஓட்டமா வந்தேன். நீங்க சுருக்கா சொல்லச் சொன்னீங்க.”

பாஞ்சாலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மாணிக்கவேல் மகன் பக்கம் திரும்பினான்.

“நீ?”

ஒரே வரியில் எல்லாவற்றையும் முடிப்பவனுக்கு அன்று ஒரு வரி போதவில்லை. அழுகையோடு வந்தது. “நான்தான்பா ஒளிச்சி வெச்சேன். நான்னு தெரிஞ்சா நீ தோலை உரிச்சிடுவே. அவளுக்கு அப்பா இல்லைன்னு எல்லாரும் பாவம் பாக்கறாங்க இல்ல… அவளைன்னா நீ திட்டக்கூட மாட்டேன்னு நெனச்சேன். ஊருக்கு அனுப்புவேன்னு எனக்குத் தெரியாதுப்பா.”

இதையும் மாணிக்கவேல் முழுக்கக் கேட்டான். அடித்திருந்தால் இந்தச் சேதி அவனுக்குக் கிடைத்திருக்காது. தன் பிள்ளை பொய் சொன்னது எதற்கு என்று யோசித்தபோது, வழி எங்கோ போய்த் தன்னிடமே வந்து நின்றது.

“பொய் சொன்னது தப்பு. அவகிட்ட நீயே சொல்லு” என்றான். ஹேமநாத் சொன்னான். தீபா, “எலியை நீ பாத்திருந்தா நீயும் பயந்திருப்பே” என்றாள். அதுதான் அவள் மன்னிப்பு.

மாணிக்கவேலின் பங்கு பாக்கி இருந்தது. “நீ அன்னிக்கு ஒண்ணு கேட்டியே கண்ணு. நாங்க ‘பெருகிடுச்சு’ன்னு சொல்வோம். உனக்கு அதைச் சொல்லிக் குடுக்காதது என் தப்பு. ஆனா அவசரத்துல அந்த வார்த்தை ஞாபகம் வரலைன்னா, எந்த வார்த்தை வருதோ அதைச் சொல்லு. நான் எழுந்து வரேன்.”

“வூட்ல வந்தவங்க இருந்தா?”

“இருந்தாலும் வரேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை சுபலட்சுமி ஒரு காலிப் பையோடு வந்தாள், மகளின் துணிகளை எடுத்துப்போக. மாணிக்கவேல் நடந்ததைச் சொல்லி, “என் மேலதாம்மா தப்பு. இருக்கறதும் போறதும் பாப்பா சொல்லட்டும்” என்றான். போகிறேன் என்று அவள் சொன்னால் அதையும் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு காத்திருந்தான். தீபா பேருந்தில் முதன்முதலில் ஆரணிக்கு வந்த நாளிலிருந்து தொடங்கினாள். எல்லாரும் உட்கார்ந்து கேட்டார்கள். சாம்பார் ஆறியது. கடைசியில் இங்கேயே இருக்கிறேன் என்றாள். சுபலட்சுமி அந்தப் பையில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினாள்.

மாணிக்கவேல் அறுந்த நுனிகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்த்துப் புடவையை முடித்தான். அது கடைக்குப் போயிற்று.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் அவன் நினைத்தான். ஒரு மாலை தீபா பள்ளியிலிருந்து வந்தவள் பையை வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தாள். அவன் தறியை நிறுத்தி, “இன்னிக்கு இன்னா நடந்தது, மொதல்லருந்து சொல்லு” என்றான். காலைப் பிரார்த்தனை வந்தது, கணக்கு டீச்சர் வந்தார், சத்துணவு முட்டை வந்தது. எல்லாம் முடிந்து, கடைசியில், ஒன்றுமில்லாதது போல ஒன்று வந்தது.

“கரிநாக்குன்னா இன்னா மாமா? அந்தக் கமலம் அத்தை வூட்டுப் பொண்ணு என்னை அப்படித்தான் கூப்புடுது. என்கூட பேசினா கெட்டது நடக்குமாம். யாரும் பக்கத்துல உக்காரல.”

கமலம் தெருக்கோடியில் இருப்பவள். ரங்கம்மாளுக்குச் சித்தி மகள். பேச்சு எந்த வழியாக வந்தது என்று அவனுக்குப் புரிந்தது. பாதியில் எழுந்திருந்தால் இது தனக்குத் தெரியாமலே போயிருக்கும் என்பதும் புரிந்தது. வீட்டுக்குள் தன் தப்பைச் சொல்லிவிட்டான். வெளியே அந்தப் பெண்ணின் பெயர் இன்னும் அழுக்காகத்தான் கிடந்தது.

மறு வெள்ளிக்கிழமை, படவேட்டு அம்மனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பாஞ்சாலையிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டான். பொய்யாகிவிடக் கூடாது என்று முதலில் அம்மனைத்தான் பார்த்தான். தனக்காக எதுவும் கேட்கத் தோன்றவில்லை. பிறகு சந்தவாசலுக்கு வந்தான்.

ரங்கம்மாள் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. அவனைப் பார்த்ததும் முகம் இறுகியது.

“புடவையை வாங்கிக்கச் சொல்லி வந்தீங்களா? நாங்க வேற எடுத்துட்டோமுங்க.”

“புடவைக்கு வரலீங்க. அது கடைக்குப் போயிடுச்சு. அன்னிக்கு ஒரு பொண்ணு ஓடிவந்து சொல்லிச்சே, அது என் தங்கச்சி பொண்ணு. அதைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லணும்.”

“சொல்லுங்க” என்றாள், வேலையை நிறுத்தாமல்.

அவன் சொன்னான். அவனுக்குச் சுருக்கமாகத்தான் சொல்ல வரும். அன்று அப்படிச் சொல்லவில்லை. எலியைச் சொன்னான். எலிக்குப் பயந்த பிள்ளை துடைப்பத்தோடு காவல் நின்றதைச் சொன்னான். “அது காப்பாத்தினது உங்க பொண்ணோட புடவையைத்தாங்க. எங்க வூட்ல எப்படிச் சொல்லணும்னு அதுக்கு நான் சொல்லிக் குடுக்கல. அது முழுசா சொல்ல வந்தது, நான்தான் சொல்ல விடல. அந்த வார்த்தை உங்க காதுல விழுந்ததுக்குக் காரணம் நான். பள்ளிக்கூடத்துல அதைக் கரிநாக்குன்னு கூப்புடறாங்க; அதுக்கு நாக்குல ஒரு கெடுதலும் இல்லீங்க.”

ரங்கம்மாளின் கை மெதுவாக நின்றது. மாடு அவள் கையிலிருந்த சோளத்தட்டையைத் தானே இழுத்துக்கொண்டது.

“எலிக்குப் பயமா அதுக்கு?”

“ரொம்பங்க.”

“எம்பொண்ணும் அப்படித்தான். எலியைக் கண்டா கட்டில் மேல ஏறிடுவா.” கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். “கமலத்துகிட்ட நான்தாங்க சொன்னேன், மனசு ஆறாம. அது கொழந்தை வரைக்கும் போகும்னு நெனைக்கல.”

“போகட்டுங்க. கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும்.”

“காபி சாப்புட்டுப் போங்க.”

“இன்னொரு நாளைக்கு வரேங்க.”

அவன் சந்து திரும்பும் முன்பே பின்னால் அவள் குரல் கேட்டது, போனில். “ஏ கமலம், வேலையா கீறியா? இல்ல, இப்பவே கேளு. அந்தப் பொண்ணைப் பத்தி நான் சொன்னேனே, அது தப்புடி. மொதல்லருந்து சொல்றேன், குறுக்க பேசாம கேளு…”

மாணிக்கவேல் திரும்பிப் பார்க்கவில்லை. ஆரணிப் பேருந்து வருகிற புழுதி தெரிந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.